நிறுத்தச் சொன்னவர்

துளசி இருந்தவரைக்கும், தொலைக்காட்சி நாடகத்தில் ஆஸ்பத்திரிக் காட்சி வந்தால் பத்துமலைக்குச் சிரிப்பை அடக்க முடியாது. சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டே ஆரம்பித்துவிடுவார்.

"அங்க பாரு, அவ மூக்குல குழாய் இருக்கு, அந்தப் பக்கம் ஒண்ணுத்துலயும் மாட்டல. காத்து எங்கேருந்து வருது? அட, மிசின்ல கோடு படுத்துருச்சி, நெஞ்சு நின்னாச்சி, இப்ப போயி கரண்டு வைக்கிறான் பாரு இந்த ஆளு!"

"ஏங்க, சும்மா இருங்கலா. புள்ள பாக்குதுல்ல" என்பாள் துளசி.

மகள் தினேஸ்வரிக்கு அப்போது பள்ளிக்கூட வயது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கத்துவாள். "அப்பா, வாய மூடுங்கப்பா! அவங்க பொழைக்கணும்!"

திரையில் அந்த அம்மா பிழைத்துக்கொள்வாள். கதாநாயகன் "உன்னைப் போக விடமாட்டேன்" என்று அலறி நெஞ்சில் இரண்டு குத்து விட்டதும் கண்ணைத் திறப்பாள். தினேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொள்வாள். பத்துமலை சிரித்துக்கொண்டே கை கழுவப் போய்விடுவார்.

சிரிக்கிற உரிமை அவருக்கு இருந்தது. ஈப்போவில் அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் எம்.ஏ.வாக, அதாவது டாக்டருக்கு அடுத்து நின்று கைவேலை பார்க்கும் மருத்துவ உதவியாளராக இருந்தவர். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், ரப்பர்ப் பால் மரம் சீவிய சன்னாசிக்கும் கருப்பம்மாளுக்கும் ஐந்தாவது பிள்ளை. முந்திய நாலில் இரண்டு தங்கவில்லை. இது தங்கினால் உன் பெயரையே வைக்கிறேன் என்று தாய் பத்துமலை முருகனுக்கு நேர்ந்துகொண்டாள், தங்கிவிட்டார். அவர் படித்து முடித்து வெள்ளை உடுப்பு போட்ட நேரத்தில் தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறியிருந்தது. பிறகு அதுவும் போய் அங்கே வீடமைப்பு வந்துவிட்டது. அவர் அதற்காக உட்கார்ந்து வருத்தப்பட்டதில்லை. அவருக்கு வேலை இருந்தது.

வேலையில் அவருக்கு ஒரு விஷயம் சீக்கிரமே புரிந்துபோயிற்று. நெஞ்சு நின்றுபோய் உள்ளே வருகிறவர்களில் பெரும்பாலோர் நடந்து வெளியே போவதில்லை. போனவர்களை அவரால் பெயர் சொல்லிச் சொல்ல முடியும். மெங்கிளம்புவில் கடலை வறுத்து விற்கும் ஒரு சீனக் கிழவர் அப்படித் தப்பியவர். வருஷா வருஷம் சீனப் பெருநாளுக்கு முந்தி ஒரு பை கடலையோடு வந்து, "இந்த ஆளு என் எலும்ப ஒடச்சவரு" என்று எல்லாரிடமும் மலாயில் சொல்லிச் சிரித்துவிட்டுப் போவார். தப்பாத மற்றவர்களுடைய உறவுக்காரர்களிடம் வெளியே வந்து பேச வேண்டியதும் பத்துமலைதான். தமிழ் ஆட்கள் என்றால் டாக்டர் அவரைத்தான் அனுப்புவார்.

அங்கேதான் நாடகம் அவர் வழியில் குறுக்கே நிற்கும். "கரண்டு வைங்க டாக்டர்! ஏன் கரண்டு வைக்கல?" என்று அவர் சட்டையைப் பிடிப்பார்கள். எம்.ஏ.வையும் டாக்டர் என்றுதான் அவர்கள் கூப்பிடுவார்கள். பத்துமலை சட்டையை விடுவித்துக்கொள்ள மாட்டார். பிடித்த கையின்மேல் தன் கையை வைத்துச் சொல்லுவார்.

"அண்ணே, சத்தம் போடுற கிளாஸ்லதான் வாத்தியாரு மேசையத் தட்டுவாரு. புள்ளைங்க அடங்கி, ஒழுங்கா பாடத்த ஆரம்பிக்கும். நெஞ்சு தாறுமாறா துடிச்சா, கரண்டு அத அடக்கும். இங்க கிளாஸ்ல புள்ளைங்களே இல்லண்ணே. மேசையத் தட்டி என்னா பண்றது?"

சிலர் புரிந்துகொண்டு அழுதார்கள். சிலர் புரியாமலே அழுதார்கள். ஒருவர்கூட அவர் சொன்னதைக் கேட்டு ஆறுதல் அடைந்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை.

ஓய்வு பெற்ற மறு வருஷம் அது அவர் வீட்டுக்கே வந்தது.

தீபாவளி லீவுக்கு தினேஸ்வரி வந்திருந்தாள். தஞ்சோங் மாலிம் பக்கத்தில் கார்த் தொழிற்சாலையின் அலுவலகத்தில் வேலை. அங்கேயே தோழிகளோடு வாடகை வீடு. சாயங்காலம் துளசி அடுப்படியில் கங்கோங் கீரை கிள்ளிக்கொண்டிருந்தாள். "என்னமோ நெஞ்சப் பெசையிற மாதிரி இருக்குங்க" என்றாள். பத்துமலை நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் சரிந்துவிட்டாள்.

அவர் அவளைத் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து நெஞ்சை அமுக்க ஆரம்பித்தார். மகளைப் பார்த்து ஆம்புலன்ஸுக்கு அடிக்கச் சொன்னார். கீரை சிதறிக் கிடந்த தரையில், வேலையில் எப்படிச் செய்வாரோ அப்படியே, முழங்கை மடங்காமல், எண்ணிக்கொண்டே அமுக்கினார். தினேஸ்வரி வாசலுக்கும் அடுப்படிக்கும் ஓடினாள். அம்மாவின் கால் விரலைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அம்மா" என்றாள்.

ஆம்புலன்ஸில் வந்தது சுரேன். பத்துமலையிடம் வேலை கற்ற பையன். இப்போது அவனே மூத்த எம்.ஏ. துளசியின் நெஞ்சில் பட்டைகளை ஒட்டி இயந்திரத்தைப் பார்த்தான். பிறகு பத்துமலையைப் பார்த்தான். கோடு படுத்திருந்தது. பத்துமலை மறுபடி அமுக்கத் தொடங்கினார்.

ஆஸ்பத்திரியில் தெரிந்த முகங்களே ஓடிவந்தன. குழாய் போட்டார்கள், மருந்து ஏற்றினார்கள், மாறி மாறி அமுக்கினார்கள். பத்துமலை முறை வந்தபோது அவரும் அமுக்கினார். நீங்கள் வெளியே நில்லுங்கள் என்று அவரிடம் சொல்ல அங்கே யாருக்கும் மனசு வரவில்லை. கோடு அசையவில்லை. அன்று பொறுப்பில் இருந்தவர் ஒரு மலாய் டாக்டர், வயது குறைந்த பெண். அவர் பத்துமலையிடம் வேலை பழகியவர். தானே முடிவு சொல்ல வேண்டிய இடத்தில், மரியாதைக்காக, மலாயில் ஐயா போட்டு அவரைக் கேட்டார். "என்சிக் பத்துமலை, நாம் என்ன செய்வோம்?"

பத்துமலை துளசியின் முகத்தைப் பார்த்தார்.

"போதும் டாக்டர்" என்றார்.

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நின்ற தினேஸ்வரி அதைக் கேட்டாள். திரையை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"என்னாப்பா போதும்? ஏன் நிறுத்துறீங்க? கரண்டு வைங்கப்பா! ஒரு தடவ வச்சிப் பாருங்கப்பா!"

எத்தனையோ பேருக்குச் சொன்ன வாத்தியார் உதாரணம் அன்று அவர் வாயில் வரவில்லை. "முடிஞ்சிருச்சிம்மா" என்றார்.

அவர் அழவில்லை. ஆஸ்பத்திரியிலும் அழவில்லை, வீட்டில் கிடத்தியபோதும் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டார். பந்தல்காரனிடம் பேசினார். கருமாதி முடிந்த அன்று, சொந்தக்காரர்கள் நடுவில் உட்கார்ந்திருந்த தினேஸ்வரி நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்.

"டிவியில காசு வாங்கிட்டு நடிக்கிறவன்கூட அவ்வளவு சீக்கிரம் விடமாட்டான்பா. நீங்க விட்டுட்டீங்க."

யாரோ அவளை அதட்டினார்கள். பத்துமலை, "விடுங்க, சொல்லட்டும்" என்றார்.

அதற்குப் பிறகு அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பண்ணுவாள். "சாப்டீங்களா? மருந்து இருக்கா?" என்பாள். இருக்கு என்று அவர் சொன்னதும் வைத்துவிடுவாள். பொங்கலுக்கு வரவில்லை. தைப்பூசத்துக்குக் குனோங் சீரோ கோயிலுக்கு வருகிறேன் என்றாள், அதற்கும் வரவில்லை. பத்துமலை தொலைக்காட்சியின் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி மேலே வைத்துவிட்டார்.

சுரேன் அவ்வப்போது வந்து பார்ப்பான். ஒரு நாள் வந்தவன், "அண்ணே, செவத்தையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்காதீங்க, என்கூட வாங்க" என்றான். அவன் அக்காள் வீட்டுக்காரர் தனேஸ்வரன் இங்குள்ள தமிழ்ச் சேனலுக்கு நாடகம் எடுக்கிறவர். ஜெலாப்பாங்கில் மூடிக் கிடந்த கிளினிக் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஆஸ்பத்திரியாக மாற்றியிருந்தார். நெஞ்சை எப்படி அமுக்குவது என்று காட்டித் தர ஒருவர் வேண்டும் என்றாராம்.

பத்துமலை முதலில் மாட்டேன் என்றார். அடுத்த நாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். சுரேன் வந்து வண்டியில் ஏற்றிக்கொண்டான்.

தனேஸ்வரன் நல்ல மனிதர். "அண்ணே வாங்க, தே ஓ குடிங்க" என்று பால் கலக்காத தேநீரைக் கொடுத்து உட்கார வைத்துக் காட்சியைச் சொன்னார். கதாநாயகன் டாக்டர். விபத்தில் அடிபட்டு வந்தவள் அவன் மனைவி. கோடு படுத்துவிடுகிறது. கரண்டு வைக்கிறான்; பலனில்லை. எல்லாரும் விட்டுவிடு என்கிறார்கள். அவன் விடாமல் அமுக்குகிறான். மூன்றாவது அமுக்கில் அவள் மூச்சை இழுத்துக்கொண்டு கண் திறந்து, "என்னங்க" என்கிறாள்.

பத்துமலை குவளையைக் கீழே வைத்தார். "தம்பி, கோடு படுத்துட்டா கரண்டு கெடயாது."

"சுரேன் சொன்னான்ணே."

"மூணு அமுக்குல யாரும் எழும்ப மாட்டாங்க. திரும்பி வர்றவங்களும் பேச மாட்டாங்க. வாயில குழாய் இருக்கும். நாள் கணக்கா மயக்கத்துல கெடப்பாங்க."

தனேஸ்வரன் தலையைச் சொறிந்தார். "அண்ணே, நீங்க சொல்றது எல்லாம் சரிதான்லா. ஆனா இது வீட்ல சோறு தின்னுக்கிட்டு பாக்குறது. அவ எழும்பலன்னா மறுநாள் எனக்குப் போன் மேல போன் வரும். ஏன்டா அவளக் கொன்னன்னு கேப்பாங்க."

"அவ எழும்புனா ஒங்களுக்குப் போன் வராது. எங்கள வந்து கேப்பாங்க, தம்பி. எங்க அம்மா ஏன் எழும்பலன்னு."

தனேஸ்வரன் அவர் முகத்தைப் பார்த்தார். சுரேன் அவருக்கு எல்லாம் சொல்லியிருக்க வேண்டும். "கரண்டத் தூக்கிடுறேன்ணே" என்றார். "அவ எழும்புறத மட்டும் விட்டுடுங்க. அது இல்லன்னா எனக்குக் கத இல்ல."

பத்துமலை தலையாட்டினார்.

நடிகனுக்குக் கை வரவில்லை. எத்தனை தடவை காட்டிக் கொடுத்தும் மாவு பிசைகிற மாதிரியே செய்தான். கடைசியில் தனேஸ்வரன், "அண்ணே, ஒங்க கையையே எடுத்துக்குறேன். முகம் தெரியாது" என்றார். பத்துமலைக்கு நடிகனின் வெள்ளைக் கோட்டை மாட்டினார்கள். படுக்கையில் படுத்திருந்தவள் கலாதேவி. காம்பாரில் பள்ளிக்கூட ஆசிரியை, லீவு நாளில் நடிக்கிறவள். நெற்றியில் சிவப்புச் சாயம் பூசியிருந்தார்கள்.

"அங்கள், உண்மையா அமுக்கிடாதீங்க" என்று சிரித்தாள்.

"மாட்டேம்மா. முழங்கைய மடக்கிக்குவேன். பாரம் ஒம்மேல வராது."

விளக்குகளைப் போட்டார்கள். பத்துமலை இரண்டு கையையும் கோத்து அவள் நெஞ்சுக்கு நடுவில் வைத்தார். கையின் கீழே சூடு இருந்தது. மூச்சு ஏறி இறங்கியது. அதற்கும் அடியில் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது; கொஞ்சம் வேகமாக, கேமரா முன் படுத்திருக்கிறவளுக்கு அடிப்பது மாதிரி. இத்தனை வருஷத்தில் அந்த இடத்தில் கை வைத்தபோது அவர் கைக்கு அது தட்டுப்பட்டதே இல்லை. தட்டுப்பட்டால் கை வைக்க வேண்டிய தேவை இருந்திருக்காது.

"ஆக்‌ஷன்" என்றார்கள். அவர் பழக்கத்தில் வாய்விட்டு எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்று.

கலாதேவி மூச்சை இழுத்துக் கண்ணைத் திறந்தாள். நேராக அவர் முகத்தைப் பார்த்து, "என்னங்க" என்றாள்.

அந்த இடத்தில் அவர் கையை எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. வசனம் எதுவும் அவருக்குக் கொடுக்கப்படவில்லை.

"மெதுவா" என்றார் பத்துமலை. "மெதுவா, மெதுவா. எழும்பாத. நான் இங்கதான் இருக்கேன். எழும்பாதம்மா."

பிறகு கையை எடுத்தார். கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தார். துளசி போன நாளிலிருந்து வராதது அன்று, கதவு மூடிய பழைய கிளினிக்கில், முன்பின் தெரியாதவர்கள் நடுவில் வந்தது. வாய் திறந்து, குரல் வெடித்து, சின்னப் பிள்ளைபோல் அழுதார். கலாதேவி பயந்துபோய் எழுந்தாள். பிறகு அவளும் கீழே இறங்கி உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். தனேஸ்வரன் கையைக் காட்டி எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். சுரேன் மட்டும் சுவரோரம் நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சில வாரம் கழித்து தனேஸ்வரன் போன் பண்ணினார். "அண்ணே, அந்தக் கொரல வச்சிக்கவா? நடிகனுக்கு டப்பிங் போட்டுப் பாத்தேன், வரல. நீங்க வேண்டாம்னா எடுத்துடுறேன்."

"வச்சிக்க தம்பி" என்றார் பத்துமலை.

ஒளிபரப்பான அன்று அவர் பார்க்கவில்லை. ஆனால் தஞ்சோங் மாலிமில், வாடகை வீட்டின் முன்னறையில், தோழிகளோடு சோறு சாப்பிட்டுக்கொண்டே தினேஸ்வரி பார்த்தாள்.

சனிக்கிழமை காலை ரயிலைப் பிடித்து வந்துவிட்டாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள்.

"அது ஒங்க கொரல்."

"ஆமாம்மா."

"ஒங்க கை."

"ஆமா."

"அவள எழுப்பிட்டீங்க." அவள் அவர் கைகளைப் பார்த்தாள். "யாரோ ஒருத்திய எழுப்பிட்டீங்கப்பா."

"அவளுக்கு ஒண்ணுமே இல்லம்மா" என்றார் பத்துமலை. "அவ சும்மா படுத்திருந்தா."

தினேஸ்வரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் அவளை உள்ளே அழைத்துவந்து நாற்காலியில் உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை நின்றார். பிறகு அன்றைக்குச் சொல்லாததைச் சொன்னார்.

"அம்மா நெஞ்செலும்பு வீட்லயே ஒடைஞ்சிருச்சிம்மா. சரியா அமுக்குனா ஒடையும். நாடகத்துல அது வராது. அடுப்படியில, ஆரம்பத்துலயே, என் கையில தெரிஞ்சிச்சி. சத்தமும் கேட்டுச்சி. அது மேலதான் திரும்பத் திரும்ப அமுக்குனேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சுரேன் வந்து கோட்டப் பாத்தப்பவே எனக்குத் தெரியும். சுரேனுக்கும் தெரியும். ஆம்புலன்ஸ்ல நீ முன்சீட்டுல ஒக்காந்து திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டு இருந்த. அதனால நிறுத்தல. ஆஸ்பத்திரியிலயும் நிறுத்தல. அந்த டாக்டர் புள்ள கேட்டப்பதான் அம்மா மொகத்தப் பாத்தேன். போனவளப் போட்டு ஏன் இன்னும் ஒடைக்கணும்னு தோணுச்சி."

"ஏன் அன்னிக்கே சொல்லல?"

"சொன்னா அந்தச் சத்தம் ஒனக்கும் கேக்கும். நான் ஒருத்தன் கேட்டது போதும்னு இருந்துட்டேன்."

தினேஸ்வரி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெளியே ரொட்டிக்காரனின் மோட்டார் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. அவள் எழுந்து அடுப்படி வாசல்வரை போய் நின்றாள், உள்ளே போகவில்லை. அங்கிருந்தே, முதுகைக் காட்டியபடி கேட்டாள்.

"அம்மாவுக்கு வலிச்சிருக்குமாப்பா?"

"இல்லம்மா. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

அவள் திரும்பினாள். "இது வெளிய வந்து எல்லாருக்கும் சொல்ற பதிலா? இல்ல நெசமா?"

பத்துமலை பதில் சொல்ல வாயெடுத்தார். வலித்திருக்குமா என்று அவரிடம் கேட்காத குடும்பம் இல்லை. ஆனால் இப்படி யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

"எல்லாருக்கும் அதத்தான் சொல்லுவேன்" என்றார். "பெரும்பாலும் அதுதான் உண்மைன்னு படிச்சிருக்கேன். அம்மாவுக்கு எப்படி இருந்துச்சின்னு எனக்குத் தெரியாதும்மா."

அவள் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டிக்கொள்ளவில்லை. அவர் சட்டைக் கையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே இரண்டு பேரும் அழுதார்கள்.

மறுநாள் மாலை ஈப்போ ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விட்டார். ஏறும்போது, "அடுத்த வாரம் வாரேன்பா" என்றாள்.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. போன் பண்ணி, "முடியலப்பா, அந்த வீட்டுக்கு வந்தா அடுப்படிதான் கண்ணுல நிக்கிது" என்றாள். பத்துமலை, "சரிம்மா, ஒனக்குத் தோணும்போது வா" என்றார். அன்று சாயங்காலம் அவர் ஒன்றும் சமைக்கவில்லை.

அதற்கடுத்த வாரம் வந்தாள். கையில் துணிப்பை, முகம் வாடியிருந்தது. வாசலில் நின்று, "எனக்கு இன்னும் கோவம் போகலப்பா" என்றாள்.

"இருக்கட்டும்மா" என்றார் பத்துமலை. "உள்ள வா."